ரோதைக்காரரும் உக்ரேன் சீனிக் கழகமும்

இந்த மலைநாட்டில் ரோதைக்காரரைப் போலப் பயந்த மனிதர் அவருக்கு முன்னாலும் பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பிரா அறையில் நாற்பது வருடம் குடியிருந்தோம். நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவர் தும்மினால் என் வீட்டு விளக்கு ஆடும். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தோட்டத்தில் கிடையாது.

ஆளுக்கு ஒரு பயம் இருக்கும். அவருக்கு வாரத்தில் ஆறு நாளைக்கு ஆறு பயம், ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனியாக ஒரு பயம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதையும் கொஞ்சம் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஆள் பிடிபடாது.

அட்டை கடித்தால் நாங்களெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போவோம். அவர் காலில் அட்டை ஏறினால் அப்படியே தரையில் படுத்து, "பாக்கியம், புள்ளைய பாத்துக்க" என்று பெண்டாட்டியிடம் விடைபெறுவார். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போவார். அங்கே கரப்பான் இருந்தால் வெளியே வருவார். இடி ஓயும்வரை உள்ளேயும் வெளியேயுமாக அலைவார். தபால்காரர் கடிதம் நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்ல சேதியா கெட்ட சேதியா, அத மொதல்ல சொல்லுங்க" என்பார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது, வாயைத் திறக்காமலே, "எதுக்குங்க, என்னா தெரியுது அங்க" என்று கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தோட்டம் கொடுத்த வேலையைப் பாருங்கள். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டுகிற பெரிய இயந்திரத்தை நாங்கள் ரோதை என்போம். ஒரு காம்பிரா அளவு இருக்கும். கையை விட்டால் கையை எடுத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில்தான் அவருக்கு முப்பது வருட வேலை. அதனால்தான் ரோதைக்காரர் என்று பெயர்.

ரோதை இருக்கிற இடத்தில் ரோதமுனியும் இருப்பார். சுவர் ஓரத்தில் ஒரு கல், ஒரு சூலம், கொஞ்சம் குங்குமம். ரோதை கையைத் தின்னாமல் காப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவர் கால் மணி நேரம் மன்றாடுவார். ஓய்வு பெறும் வயது வரை பத்து விரலையும் காப்பாற்றிக்கொண்டார். என்னிடம் விரித்துக் காட்டுவார்.

"பாருங்கக்கா, பத்தும் இருக்கு. பயந்தவனுக்குத்தான் வெரலு மிஞ்சும்."

"வாயும் மிஞ்சியிருக்கே தம்பி. அது எதுக்குப் பயந்துச்சு?"

நான் அப்படியெல்லாம் பயந்தவள் இல்லை. புருசன் போன பிறகும் தனியாக நின்று மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தவள். துரையிடம் நேருக்கு நேர் பேசியவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, முதுகு ஒரு நாளும் வளைந்ததில்லை. அதனால் அவர் பயத்தைப் பார்த்து நான் சிரித்ததற்குக் கணக்கே கிடையாது.

ஒரு வருடம் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிய நேரம், மழை விடாமல் அடித்துப் பாதையில் மண் சரிந்துவிட்டது. பஸ் இல்லை. மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர் நொண்டி நொண்டி எங்கள் லயத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். மலையில் ஏறி இறங்கும்போது கால் பிசகி, கணுக்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். முதலில் ஓடிப்போய் அவருடைய பையை வாங்கியவர் ரோதைக்காரர்.

எனக்கே ஆச்சரியம். "என்னா தம்பி, தைரியம் வந்துருச்சா?" என்று கேட்டேன்.

"தைரியமா? ரோட்டுல விழுந்து செத்துட்டா பொலிஸ் வருமே அக்கா. மொதல்ல என்னையத்தான் கேப்பாங்க."

"ஒங்கள ஏன் கேக்கணும்?"

"என் மூஞ்சிய பாத்தா கேக்கத் தோணும்."

அப்படித்தான் மிக்கோலா என்ற அந்த மனிதர் பயத்தினாலே உள்ளே அழைக்கப்பட்டு, ரோதைக்காரர் காம்பிராவில் மூன்று நாள் தங்கினார். உக்ரேன் நாடு. அந்த ஊர்க் கடையில் விற்கிற தேயிலைப் பெட்டியில் எங்கள் மலையின் படம் இருக்குமாம். இருபது வருடம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தவர், ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்று புறப்பட்டு வந்திருக்கிறார். அவருடைய போனுக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. அவர் தன் பாஷையில் பேசினால் அது தமிழில் சொல்லும், இவர் தமிழில் பேசினால் அந்தப் பாஷையில் சொல்லும். அந்தப் பெண்ணின் தமிழ் கல்யாணப் பத்திரிகைத் தமிழ். ரோதை என்றால் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு, ரோதைக்காரரை அது "மதிப்பிற்குரிய சக்கரத்தின் மனிதரே" என்று கூப்பிட்டது. அவர் அன்று முழுவதும் சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார்.

மிக்கோலாவுக்கு வேலை என்ன என்று கேட்டோம். ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இளவயதில் அந்தக் கழகத்துக்கே கோல் காத்தவர். இப்போது புல் வெட்டுவார், கோடு போடுவார், டிக்கெட் கிழிப்பார், தோற்றால் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கழகத்தின் கதை முழுவதையும் நானும் கேட்டேன்.

அது ஒரு சீனி ஆலை ஊர். அங்கே கரும்பு கிடையாதாம், கிழங்கிலிருந்து சீனி எடுப்பார்களாம்.

"கெழங்குல சீனியா?" என்றாள் பாக்கியம். "அப்ப மரவள்ளில வெல்லம் எடுப்பாங்களா?"

கிழங்கு கொட்டுகிற முற்றத்தில், வேலை விட்ட பிறகு ஆலைத் தொழிலாளிகள் பந்து உதைக்கத் தொடங்கினார்களாம். கோல் கம்பம் இரண்டும் ஆலையின் பழைய ஆவிக் குழாய். முதல் ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கினார்கள். கோல் காத்தவர் கிழங்கு நிறுக்கிற கிளார்க்கு. நிறுக்கிற பழக்கத்தில் ஒவ்வொரு பந்தும் உள்ளே போகும்போது தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாராம். அங்கிருந்து படிப்படியாக ஏறி, நாட்டுக் கழகங்களில் மேலேயிருந்து இரண்டாவது வரிசை வரை போய்விட்டார்கள். மூன்று வருடம் ராஜ வாழ்க்கை. ஒரு தடவை பெரிய பட்டணத்து அணி ஒன்று வந்து, அந்தச் சேற்றில் நிற்கக்கூட முடியாமல் தோற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் பாண் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். காலால் இல்லை, தலையாலும் இல்லை. வழுக்கி விழுந்தவருடைய பின்பக்கத்தில் பட்டுப் பந்து உள்ளே போனது. அவர் செத்தபோது ஊரே கடை அடைத்ததாம்.

பிறகு ஆலை மூடியது. கூரைத் தகரத்தைக்கூட விற்றுவிட்டார்கள். கழகத்தைக் கேட்பார் இல்லை. ஒரு காலையில் பார்த்தால் கோல் கம்பம் இரண்டையும் இரும்புக்காகத் திருடிவிட்டார்கள். மிக்கோலா மூன்று ஊர் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி, கண்டுபிடித்து, தள்ளுவண்டியில் தானே திரும்பக் கொண்டுவந்தார். ஒரு இறைச்சிக் கம்பெனி வந்து கழகத்துக்குத் தன் பெயரை வைத்தது. அது நொடித்தபின் ஒரு பெயின்ட் கம்பெனி தன் பெயரை வைத்தது. அதுவும் போனபின் பழைய ஆலைப் பெயருக்கே வந்துவிட்டார்கள். இப்போது கடைசி வரிசையிலேயே கீழே. அதற்கும் கீழே இறங்கினால் கழகமே இல்லை.

இந்த இடத்தில் மிக்கோலா கண்ணைத் துடைத்தார். ரோதைக்காரர் அதற்கு முன்னாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

பாதை திறந்து மிக்கோலா போய்விட்டார். பயம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. கொழும்பில் இருக்கிற ரோதைக்காரர் மகள் ஒரு போன் வாங்கி அனுப்பி, அந்தப் பெண் குரலையும் அதற்குள் வைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மிக்கோலாவின் குரல் வரும். அன்றைக்கு ரோதைக்காரருக்கு விடிந்ததிலிருந்தே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயம்தான். சேதி வந்த சத்தம் கேட்டதும் போனை என் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தின் கடைசிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொள்வார். நான் அமுக்கிக் கேட்க வேண்டும்.

"மதிப்பிற்குரிய சக்கரத்தின் மனிதரே, நாங்கள் இன்று இரண்டு குறைவாகத் தோல்வியுற்றோம். மழை இருந்தது. நடுவர் ஒரு ஆடு."

நான் தலையை இடம் வலமாக ஆட்டுவேன். அவர் அங்கேயே குந்திவிடுவார்.

தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாலும் இந்தக் கதைதான், சாவு வீட்டில் பாடை கட்டும்போதும் இந்தக் கதைதான். பாண் வண்டிக்காரரின் கோல் சொல்லச் சொல்ல வளர்ந்து, கடைசியில் அவர் ஆகாயத்தில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் விழுந்தார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு எங்கள் எம்.பி. பெயர் தெரியாது, அந்த நிறுவைக் கிளார்க்கைத் தெரியும். நாங்கள் அவர்களைச் சீனிக்காரங்க என்றே சொல்வோம், ஏதோ கினிகத்தேனையில் குடியிருக்கிற சொந்தம் மாதிரி.

அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கழகம் இல்லை என்ற நிலை வந்தது. ரோதைக்காரர் ஃபேக்டரிக்குப் போய் ரோதமுனிக்கு நேர்ந்துகொண்டார். "சாமி, அவங்களும் ஆல ஆளுங்கதான். நம்ம மாதிரிதான். அவங்க எறங்காம பாத்துக்க, ஒனக்கு ஒரு சேவல் தர்றேன்." ஆட்டம் சமமாக முடிந்தது. கழகம் பிழைத்தது. அன்றைக்கு அவர் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், சீனி போட்டு. அது அவர் குடும்பத்திலேயே நடக்காத காரியம்.

சேவல் வாங்கினார். அங்கேதான் வினை பிடித்தது. அந்தச் சேவல் அவரைக் கண்டால் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு துரத்தும். லயத்து முற்றத்தில் முன்னால் அவர், பின்னால் சேவல். பிடித்தால் அல்லவா கொண்டுபோக. "கார்த்திக கழியட்டும்" என்றார். "தைப்பொங்கல் கழியட்டும்" என்றார். பாக்கியம் பிடித்துத் தருகிறேன் என்றாள். "வேணாம், அது கண்ண பாத்தியா, என்னைய ஞாபகம் வச்சிருக்கு" என்றார். இதற்குள் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ரோதையைக் கழற்றி லொறியில் ஏற்றி விற்றார்கள். கதவில் பூட்டு. அவருக்கு நல்ல சாக்கு கிடைத்தது. "பூட்டு போட்டா சாமிக்கும் லீவுதானேக்கா."

நான் மட்டும் சொன்னேன். "தம்பி, எதுல வேணும்னாலும் வெளையாடுங்க. ரோதமுனிகிட்ட வெளையாடாதீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில், உக்ரேனில் யுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். கட்டடம் இடிகிறது, சனங்கள் மூட்டையோடு ஓடுகிறார்கள். எங்களுக்குக் குண்டுச் சேதி புதிது இல்லை, இந்த நாட்டில் இருந்தவர்கள்தானே. ஆனால் மலை ஏறி வந்து, இந்தத் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்ற ஆள் அங்கே இருக்கிறார் என்றால் அது வேறு மாதிரி. அந்த ஞாயிறு சேதி வந்தது. "நாங்கள் விளையாடவில்லை. சத்தம் அருகில் உள்ளது. பயப்படாதீர்கள்." அதற்கு அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை.

அப்போது இங்கேயும் கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சோறு ஆக்க ஓடுவார்கள், இவர் போனுக்குச் சாப்பாடு போட ஓடுவார். அது அணைந்திருக்கிற நேரத்தில் மிக்கோலா கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறாவது ஞாயிறும் வராதபோது, என்னைக் கூப்பிட்டார். மூஞ்சியில் ரத்தம் இல்லை.

"அக்கா, இது என்னால வந்தது."

"என்னா ஒங்களால?"

"சேவல குடுக்கல. ரோதமுனி என்னைய விட்டுட்டு அங்க போயிட்டாரு."

சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் ஏற்கனவே வந்துவிட்டது. படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவ்வளவு பெரிய யுத்தத்தை ஒரு சேவல் இழுத்து வருமா என்பார்கள். நேர்ந்துவிட்டுக் கொடுக்காமல் இருந்து, நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் மூடிய ஃபேக்டரிக்குப் போனோம். சேவலைப் பாக்கியம் பிடித்து, மஞ்சள் துணியால் அலகைக் கட்டி, சாக்கில் போட்டுக் கொடுத்திருந்தாள். காவலுக்கு இருந்த வாச்சர் பூட்டைத் திறந்தார், உள்ளே வரவில்லை.

"உள்ள புலி இருக்குன்னு சொல்றாங்க. அத நா பாக்கல. குளவி இருக்கு, அத பாத்தேன். ரோதை இருந்த எடத்துக்கு நேர் மேல தொங்குது, பெரிய கூடு. சத்தம் போடாதீங்க, கற்பூரம் கொளுத்தாதீங்க, பொக ஆகாது" என்றார்.

குளவி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கால் நின்றுவிட்டது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கம்தான், ஆனால் எழுதிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவளைக் குளவி மொய்த்தது. கறுப்புக் கம்பளியைப் போர்த்தியது மாதிரி மொய்த்தது. நான் ஓடினேன். அவள் ஓடவில்லை. சாயந்திரம் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து மூடிக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒன்றுக்குப் பயம். யாரிடமும் சொன்னதில்லை.

கதவடியில் நின்று ரோதைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க முன்னால போங்களேன்."

"நேந்துக்கிட்டது நீங்க தம்பி."

"நீங்கதான் தைரியமான ஆளு."

"இன்னைக்கு எனக்கு முட்டி வலிக்குது."

அவர் என் காலைப் பார்த்தார். அது வலி இல்லை என்று புரிந்திருக்கும். "சரிங்கக்கா, நீங்க இங்கயே இருங்க" என்றார். சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார்.

உடைந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. ரோதை நின்ற இடத்தில் சீமெந்துத் தரையில் நான்கு ஓட்டை மட்டும். மேலே அந்தக் கூடு, ஒரு மூட்டை அளவு, உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தது. சுவர் ஓரத்தில் கல் அப்படியே இருந்தது, சூலம் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு முழங்கால் போட்டார். சாக்கிலிருந்து சேவலை எடுத்து, கத்தியை எடுக்காமல், அலகுக் கட்டை அவிழ்த்துத் தரையில் விட்டார். மெதுவாகத்தான் பேசினார். அந்த வெறும் கட்டடத்தில் அது கதவு வரைக்கும் கேட்டது.

"சாமி, மறக்கல. பயந்துட்டேன். வெட்டித் தர்றேன்னு சொன்னேன், வெட்டல. அங்க போதுமான ரத்தம் போயிருச்சு, நா ஒண்ணும் சேக்க வேணாம். இது இனி ஒன்னோட சேவல். தப்பு என்னோடது. அவன் பாவம், புல்லு வெட்டுறவன். அவன ஏன் புடிக்கிற. புடிக்கிறதுன்னா என்னைய புடி."

சொல்லி முடித்தாரோ இல்லையோ, சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு சூலத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்று, அந்தக் கட்டடமே அதிரக் கூவியது.

கூட்டின் முனகல் உயர்ந்தது. பாக்கியம் என் கையைப் பிடித்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன். ஏழெட்டுக் குளவி இறங்கி அவர் தலையைச் சுற்றியது. ஒன்று காலரில் உட்கார்ந்து கழுத்துக்கு நடந்தது. அட்டைக்குப் படுத்த மனிதர். தபாலுக்குக் கையைக் கட்டிய மனிதர். அசையவில்லை. கும்பிட்ட கையை இறக்கவில்லை. கழுத்து ஒரு தடவை வெட்டியது, இன்னொரு தடவை வெட்டியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முனகல் அடங்கும்வரை அப்படியே இருந்து, எழுந்து, ஒரு ஒரு அடியாகப் பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

"கொட்டிருச்சா தம்பி?"

"ரெண்டு. பரவால்லக்கா."

காதுக்குக் கீழே கழுத்து பணியாரம் மாதிரி ஊதியிருந்தது. நிமிர்ந்து நின்றார். அவரைத் தொட்டுக் கும்பிடலாம் போல எனக்கு இருந்தது. அப்போது குனிந்து தன் காலைப் பார்த்தார். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. "பாக்கியம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார், அப்படியே சாய்ந்துவிட்டார். வாச்சரும் நாங்களும் அவரைச் சாக்கில் வைத்துத்தான் லயத்துக்குத் தூக்கி வந்தோம்.

சேவல் பத்து நாள் உள்ளேயிருந்து கூவியது. அதைக் கேட்டுத்தான் வாச்சர் புலி இல்லை என்று முடிவு செய்தார். பதினோராம் நாள் மிக்கோலாவின் குரல் வந்தது. ரோதைக்காரர் முற்றத்தின் கடைசிக்குப் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றார், காதைப் பொத்தாமல்.

"மதிப்பிற்குரிய சக்கரத்தின் மனிதரே, நான் உயிருடன் இருக்கிறேன். நாங்கள் நிலத்தின் கீழ் இருந்தோம். மின்சாரம் இல்லை. மைதானத்தின் நடுவில் ஒரு பெரிய குழி உள்ளது. கம்பங்கள் நிற்கின்றன."

ரோதமுனி செய்தாரா, அந்த ஊரில் கரண்ட் வந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. ரோதைக்காரர் அன்று சுவரில் சாய்ந்து அழுத அழுகையைக் கேட்டு, எங்கே சாவு என்று பக்கத்து லயத்திலிருந்து வந்து கேட்டார்கள்.

குழியை மூடினார்கள். மறுபடியும் ஆட்டம் தொடங்கியது. குண்டு வருகிறது என்று சங்கு ஊதினால் இரண்டு அணியும் நிலத்துக்குக் கீழே ஓடும். ஓய்ந்தால் மேலே வந்து, விட்ட இடத்திலிருந்து விளையாடும். சில ஆட்டம் முடியக் காலையிலிருந்து சாயந்திரம் ஆகுமாம். ஆட்களில் சிலர் யுத்தத்துக்குப் போனார்கள். அவர்கள் பெயரை மிக்கோலா ஒவ்வொன்றாகச் சொல்வார், அந்தப் பெண் குரலும் ஒன்று விடாமல் சொல்லும். ரோதைக்காரர் முதலில் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. ஜெயித்தார்களா என்று கேட்பதில்லை. "எல்லாரும் இருக்காங்களா தம்பி?" என்றுதான் கேட்பார். எல்லாரும் இருக்கிறார்கள் என்று பதில் வந்த வாரங்கள் கொஞ்சம்தான்.

போன மழைக் காலத்தில் ரோதைக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. டிக்கோயாவில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஊசியோடு வந்த நர்ஸிடம், "நீங்க பயப்படாதீங்க மிஸ், நா கண்ண மூடிக்கிறேன்" என்றாராம். கண்ணை மூடினார். ஊசி போட்டு முடித்து எழுப்பினபோது அவர் இல்லை.

காரியம் முடிந்ததும் பாக்கியம் மகளிடம் கொழும்புக்குப் போனாள். போனை என் கையில் வைத்தாள். "எனக்கு அந்தச் சத்தத்த கேக்க முடியாதுக்கா. ஒங்களுக்குத்தான் பேசத் தெரியும்" என்றாள். மிக்கோலாவுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு சேதி வந்தது. "நாங்கள் வென்றோம். சக்கரத்தின் மனிதரே, மகிழ்ச்சி கொள்ளுங்கள்." நான் பதில் சொல்லவில்லை. குண்டுக்குக் கீழே இருக்கிற மனிதருக்கு இங்கேயிருந்து ஒரு சாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு, "உடல்நலம் சரியில்லையா?" என்று கேட்டது. மூன்றாவது ஞாயிறு வெற்றி தோல்வி ஒன்றும் இல்லை. ஒரே கேள்விதான்.

"நீங்கள் உயிருடன் இருக்கிறீர்களா?"

அந்தக் கேள்வியை அங்கேயிருந்து இங்கே கேட்கிறார்கள். அதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுசி இல்லை. பொத்தானை அமுக்கினேன்.

"தம்பி மிக்கோலா, நா பக்கத்துக் காம்பிரா அக்கா பேசுறேன். அவரு போயிட்டாருப்பா. நோகாம போயிட்டாரு. இப்ப அவருக்கு எதுக்கும் பயம் இல்ல. நீங்க சங்கு ஊதுனா சட்டுன்னு கீழ எறங்கிருங்க. ஞாயித்துக்கெழம தவறாம பேசுங்க. அவருக்குப் பதிலா இனி நா பயந்துக்குறேன்."